11ஆம் சதமானத்தில் இருப்பவள்: ஓர் ஆளுமைச் சோதனைச் சேவை பற்றி

முதலில் நட்சத்திரக் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். கேள்விகளுக்கு நாலரை. கேட்டால் மட்டும் அனுப்பிவைக்கும் தொழில்நுட்பக் கையேட்டுக்கு ஐந்து. எல்லோர் கையிலும் கொடுக்கும் ரிப்போர்ட்டுக்கு ஒன்று. கூட்டி வகுத்தால் மூன்றரை வருகிறது. அந்த அரையைக் கோபத்தில் கழித்து மூன்று என்று போட்டிருக்கிறேன். வெவ்வேறு ரகமான மூன்று விஷயங்களைக் கூட்டி ஒரே எண்ணாக்குவது சரியா என்று நீங்கள் கேட்கலாம். தாராளமாகக் கேளுங்கள். இந்தச் சேவையோடு எனக்கிருக்கும் சண்டையும் கிட்டத்தட்ட அதுதான்.

பன்னிரண்டு வருடமாக சர்வே கேள்வித்தாள் எழுதுவதும், வந்த டேட்டாவை அலசுவதும் என் வேலை. டீமில் ஒன்பது பேர். ஒருநாள் மேலாளர் எல்லோருக்கும் ஒரு லிங்க் அனுப்பி, "வெள்ளிக்கிழமைக்குள்ள முடிச்சிடுங்க, ஒருத்தரை ஒருத்தர் புரிஞ்சுக்க உதவும்" என்றார். சேவையின் பெயரைச் சொல்லப்போவதில்லை. இதே மாதிரி நிறைய இருக்கின்றன. நான் சொல்லும் குறை அவற்றில் பலவற்றுக்கும் பொருந்தும்.

120 வாக்கியங்கள். ஒவ்வொன்றுக்கும் 'முற்றிலும் பொருந்தாது' முதல் 'முற்றிலும் பொருந்தும்' வரை ஐந்து கட்டம். இருபது நிமிடத்தில் முடிந்துவிடும். தொழில்காரியாகச் சொல்கிறேன், கேள்விகள் அருமை. 'நேரத்துக்கு வருவேன், மற்றவர்களையும் மதிப்பேன்' என்பதுபோல ஒரே வாக்கியத்தில் இரண்டைத் திணித்து ஆளைத் திணறடிக்கும் கேள்வி ஒன்றுகூட இல்லை. எதையும் யோசிக்காமல் வரிசையாக ஒரே கட்டத்தை அமுக்கிக்கொண்டு போகிறவர்களைப் பிடிக்க, பாதிக் கேள்விகளைத் தலைகீழாகப் போட்டிருக்கிறார்கள். யாரோ உட்கார்ந்து மெனக்கெட்டிருக்கிறார்கள் என்று தெரிகிறது.

முடிவு ஐந்து தலைப்புகளில், தலைப்புக்கு 24 கேள்வி வீதம், வருகிறது: புறமுகத் தன்மை (ஆட்களோடு கலகலப்பாகப் பழகும் இயல்பு; இதன் மறுமுனை அகமுகம்), இணக்கம், ஒழுங்குணர்வு, உணர்ச்சித் தளம்பல், புதுமை நாட்டம். ஆட்களை நான்கெழுத்துப் பெட்டிகளில் அடைக்கும் சோதனைகளைவிட இந்த ஐந்து எவ்வளவோ மேல். ஆனாலும் இவை எங்கிருந்து வந்தன என்பதை வாங்குகிறவர் தெரிந்துகொள்வது நல்லது. 1936இல் ஆல்போர்ட், ஓட்பெர்ட் என்ற இரண்டு உளவியலாளர்கள் ஆங்கில அகராதி ஒன்றைப் புரட்டி, ஆளை ஆளிடமிருந்து வேறுபடுத்தப் பயன்படும் சொற்கள் கிட்டத்தட்ட 18,000 எடுத்தார்கள். பின்னால் வந்தவர்கள் அந்தப் பட்டியலைச் சுருக்கி, ஆட்களிடம் கேட்டு, காரணிப் பகுப்பாய்வில் (எந்தப் பதில்கள் ஒன்றாகச் சேர்ந்து ஏறி இறங்குகின்றன என்று பார்த்துக் குழுவாக்கும் கணக்கு) போட்டுப் போட்டு ஐந்து குவியலாக ஒதுக்கினார்கள். ஆக, ஆரம்பத்தில் திறந்து பார்த்தது அகராதியை. மனித மனத்தை யாரும் திறந்து பார்க்கவில்லை. இதைக் குறையாகச் சொல்லவில்லை. எங்காவது ஆரம்பிக்கத்தானே வேண்டும்?

ரிப்போர்ட் வந்ததும் முதலில் எனக்கு வந்தது ஜோசியச் சந்தேகம். 1948இல் பெர்ட்ரம் ஃபோரர் என்ற உளவியலாளர் தன் மாணவர்கள் 39 பேருக்கும் 'இது உங்களுக்கென்றே தயாரித்த ஆளுமை அறிக்கை' என்று சொல்லி ஒரே தாளைக் கொடுத்தார். ஐந்துக்கு எவ்வளவு பொருந்துகிறது என்று கேட்டதற்கு மாணவர்கள் கொடுத்த சராசரி 4.26. இந்தச் சேவையும் அந்த வகையா என்று பார்க்க, என் ரிப்போர்ட்டையும் சக ஊழியர் ஒருவருடையதையும் (அவர் அனுமதியோடுதான்) பெயரை மறைத்து என் அக்காவுக்கு அனுப்பினேன். பத்து நிமிடத்தில் என்னுடையதைச் சரியாகப் பிடித்துவிட்டாள். ஒழுங்குணர்வுப் பக்கத்தை வைத்துக் கண்டுபிடித்தாளாம். சரி, அந்தப் பரீட்சையில் பாஸ்.

ஆனால் ஏழாம் பக்கத்துக்கு வந்ததும் அக்கா போன் செய்தாள். "என்னடி இது, நீ பேசவே மாட்டேன்னு போட்டிருக்கு? உன்னை வாயை மூடச் சொல்லித்தானே நம்ம அம்மா பாதி ஆயுசைக் கழிச்சாங்க?"

புறமுகத் தன்மையில் நான் 11ஆம் சதமானம். அதாவது நூறு பேரை வரிசையில் நிறுத்தினால் எனக்குக் கீழே ஏறத்தாழ பதினோரு பேர். அதுவரை தகராறு இல்லை. அதற்குக் கீழே இருந்த வாக்கியம்தான் என்னை நிறுத்தியது: 'உங்களிடம் அகமுகத் தன்மை மேலோங்கி இருப்பதால், கூட்டங்களில் நீங்கள் குறைவாகப் பேசுகிறீர்கள்.' இப்போது கேள்வித்தாளுக்குத் திரும்புங்கள். பதினான்காவது கேள்வி: 'கூட்டங்களில் நான் குறைவாகப் பேசுவேன்.' அதில் 'பொருந்தும்' என்று நான்தான் அமுக்கினேன். நான் குறைவாகப் பேசுவதாகச் சொன்னதால் எனக்கு அகமுகம் என்று முடிவுகட்டி, அகமுகம் இருப்பதால்தான் நான் குறைவாகப் பேசுகிறேன் என்று எனக்கே திருப்பிச் சொல்கிறார்கள். நான் போட்ட கடிதம் எனக்கே பதிலாக வந்த மாதிரி இருந்தது.

இந்த இடத்தில் சேவை வேறு மாதிரி பேசியிருக்கலாம். 1923இல் எட்வின் போரிங் என்ற உளவியலாளர், நுண்ணறிவுச் சோதனைகள் எதைச் சோதிக்கின்றனவோ அதுதான் நுண்ணறிவு என்று எழுதினார். கேட்கக் கிண்டல் மாதிரி இருக்கும். ஆனால் அது ஒரு நாணயமான நிலைப்பாடு. நான்கு வருடம் கழித்து இயற்பியலாளர் பிரிட்ஜ்மன், ஒரு கருத்தின் பொருள் என்பது அதை அளக்கும் செயல்முறைதான், அதற்குமேல் அதில் எதுவுமில்லை என்றார். அந்தக் கட்சியில் நின்றுகொண்டு, '11 என்பது உங்கள் 24 பதில்களின் சுருக்கம், அவ்வளவுதான்' என்று ரிப்போர்ட் சொல்லியிருந்தால் எனக்குச் சண்டையே இல்லை. ஆனால் பதில்களின் சுருக்கத்தை யார் வாங்குவார்கள்? விற்பனைக்கு உள்ளே ஒரு பொருள் இருந்தாக வேண்டும்.

வாடிக்கையாளர் உதவிக்கு எழுதினேன். இந்த அகமுகத் தன்மை என் பதில்களுக்குக் காரணமா, இல்லை என் பதில்களுக்கு நீங்கள் வைத்த பெயரா? இரண்டு நாளில் பதில் வந்தது, கூடவே 80 பக்கக் கையேடு. இதற்காகத்தான் அந்த முழு ஐந்து நட்சத்திரம். கையேட்டை எழுதியவர்களும் ரிப்போர்ட்டை எழுதியவர்களும் ஒருவரையொருவர் பார்த்திருக்கவே மாட்டார்கள் என்று நினைக்கிறேன். கையேடு அடக்கமாக, 'இந்த மதிப்பெண்கள் ஒப்பீட்டுக் குழுவில் ஒருவர் இருக்கும் இடத்தைக் காட்டுகின்றன' என்கிறது. 'இருப்பதால்' என்ற சொல் அதில் எங்கும் இல்லை.

அப்புறம் அந்த எண். புறமுகத் தன்மை அளவுகோலின் நம்பகத்தன்மை (திரும்ப அளந்தாலும் எவ்வளவு மாறாமல் வரும் என்பதன் அளவு, உச்சம் 1) 0.85 என்று கையேடு சொல்கிறது. நல்ல எண்தான். ஆனால் அதை வைத்துக் கணக்குப் போட்டால், என் 11 என்பது ஏறத்தாழ 2 முதல் 32 வரை எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம். ரிப்போர்ட்டில் இந்த இடைவெளி இல்லை. கெட்டியான நீல வட்டத்துக்குள் 11 மட்டும் இருக்கிறது. பிழை வரம்பு போடாமல் நான் ஓர் அட்டவணையை வாடிக்கையாளருக்கு அனுப்பினால் அன்றைக்கே என் சீட்டு கிழிந்துவிடும்.

ஆறு வாரம் கழித்து, என் சொந்தச் செலவில், அக்கா வீட்டில் உட்கார்ந்து மறுபடி எழுதினேன். சுற்றிலும் பிள்ளைகள், பேச்சு, சிரிப்பு. இந்த முறை 38. மற்ற நான்கும் அசையவில்லை. '11 எங்கே, 38 எங்கே' என்று குதிக்கலாம். ஆனால் அந்த வித்தியாசம்கூட அளவீட்டுப் பிழைக்குள் அடங்கிவிடுகிறது என்பதை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். என்றாலும், கேள்விகளைப் படிக்கும்போது என் மனக்கண்ணில் ஓடிய 'கூட்டம்' இரண்டு முறையும் ஒன்றாக இல்லை என்பது எனக்குத் தெரியும். முதல் முறை ஓடியது திங்கட்கிழமை ஆய்வுக்கூட்டம். இரண்டாவது முறை குடும்பம். 1968இல் வால்டர் மிஷெல் இதைத்தான் உளவியல் துறையின் முகத்தில் போட்டுடைத்தார்: ஆளுமைச் சோதனை மதிப்பெண்ணுக்கும் ஒரு குறிப்பிட்ட சூழலில் ஆள் நடந்துகொள்ளும் விதத்துக்கும் உள்ள ஒட்டுறவுக் கெழு (இரண்டும் எவ்வளவு சேர்ந்தே ஏறி இறங்குகின்றன என்ற அளவு, முழுதாக ஒத்துப்போனால் 1) பெரும்பாலும் 0.30 பக்கத்திலேயே நின்றுவிடுகிறது என்று. பல வருடம் அதன்மேல் சண்டை நடந்தது. பல சந்தர்ப்பங்களைச் சேர்த்துப் பார்த்தால் ஒட்டுறவு கூடும் என்று எதிர்த்தரப்பு காட்டியது. அதுவும் உண்மை.

இனி நான் நிறைய நேரம் செலவழித்த இடத்துக்கு வருகிறேன்.

எங்கள் சர்வேக்களில் 'சமூகப் பொருளாதார நிலை' என்று ஒரு குறியீடு போடுவோம். வருமானம், படிப்பு, தொழில் மூன்றையும் சேர்த்துச் செய்வது. ஒருவருக்குச் சம்பளம் கூடினால் குறியீடு ஏறும். ஆனால் 'குறியீடு ஏறியதால்தான் சம்பளம் கூடியது' என்று யாராவது சொன்னால் சிரிப்போம். அம்புக்குறி சம்பளத்திலிருந்து குறியீட்டுக்குப் போகிறது. ஆளுமைச் சோதனையில் அதைத் திருப்பிப் போடுகிறார்கள். உள்ளே புறமுகத் தன்மை என்று ஒன்று இருக்கிறது, அது 24 பதில்களையும் வெளியே தள்ளுகிறது என்று அம்புக்குறி வெளிநோக்கிப் போகிறது. இரண்டு வேலையிலும் கையில் இருப்பது பதில்களின் அட்டவணை மட்டுமே. அம்பு எந்தப் பக்கம் போகிறது என்பது எண்களைப் பார்த்துக்கொண்டே இருந்தால் மட்டும் தெரிந்துவிடாது. அது நாம் கொண்டுபோய் வைக்கும் கோட்பாடு.

டென்னி போர்ஸ்பூமும் இரண்டு சக ஆய்வாளர்களும் 2003இல் இதைக் கறாராக எழுதினார்கள். காரணிப் பகுப்பாய்வை அந்த மாதிரி பயன்படுத்துகிறவர் மறைமாறி (நேரில் பார்க்க முடியாமல், பதில்களுக்குப் பின்னால் இருப்பதாக வைத்துக்கொள்ளும் பண்பு) ஒன்று நிஜமாக இருக்கிறது என்று ஏற்றுக்கொண்டாக வேண்டும்; வாயால் 'இது வெறும் வசதிக்கான கற்பனை' என்று சொல்லிக்கொண்டு கையால் அந்தக் கணக்கைப் போடுவது முரண் என்றார்கள். அதோடு நிற்கவில்லை. ஐந்து குவியல்கள் கிடைத்தது ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாடுகளிலிருந்து. ஆயிரம் பேரை ஒப்பிட்டால் ஐந்து திசைகளில் வேறுபடுகிறார்கள் என்பதால், என் ஒருத்திக்குள் ஐந்து திருகாணிகள் இருக்கின்றன என்று ஆகிவிடாது. 'நாங்கள் ஒன்பது பேரும் எப்படி வேறுபடுகிறோம்' என்ற கேள்விக்கு இந்தச் சேவை நல்ல பதில் தருகிறது. 'நான் ஏன் திங்கட்கிழமை பேசவில்லை' என்பதற்கு அதே பதிலை எடுத்து நீட்டுகிறது.

காரணம் உள்ளே ஒளிந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை என்று ஒரு தரப்பு இருக்கிறது. எனக்குப் பிடித்த தரப்பு. ஆங்கேலிக் க்ராமரும் கூட்டாளிகளும் 2012இல் எழுதியது: மனிதர்களைப் பிடிக்காதவருக்கு விருந்துகள் பிடிக்காது. அவ்வளவு எளிமை. மனிதர்களைப் பிடித்தால் விருந்துக்குப் போவீர்கள், போனால் ஆட்கள் பழக்கமாவார்கள், பழகினால் இன்னும் பிடிக்கும். குணங்கள் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு வலைபோல நிற்கின்றன. நாம் 'புறமுகம்' என்று கூப்பிடுவது அந்த வலைக்கு வைத்த பெயர். உள்ளிருந்து வலையைப் பின்னும் சிலந்தி என்று யாரும் இல்லை.

இதை எங்கள் டீமில் புதிதாகச் சேர்ந்த புள்ளியியல் பையனிடம் உற்சாகமாகச் சொன்னேன். அவன் மசியவில்லை. "மேடம், தெர்மாமீட்டர் செஞ்சப்போ வெப்பநிலைன்னா என்னன்னு யாருக்குத் தெரியும்? கண்ணாடிக் குழாய்ல ஏதோ ஏறி இறங்குச்சு, கோடு போட்டாங்க. அணுக்களோட அசைவுன்னு புரிய நூறு வருஷத்துக்கு மேல ஆச்சு. அதுவரைக்கும் வெப்பநிலை இல்லாமலா போச்சு?"

நல்ல அடி. மூன்று நாள் பதில் தோன்றவில்லை. இன்றைக்கும் அவன் சொன்னதில் பாதி சரி என்றுதான் நினைக்கிறேன். பெயர் முந்திக்கொண்டு வந்துவிட்டதாலேயே பொருள் இல்லை என்று ஆகாது. ஆனால் வெப்பமானிக்காரர்கள் கோடு போட்டதோடு வீட்டுக்குப் போகவில்லை. பாதரசமும் சாராயமும் காற்றும் வேறு வேறு விதமாக விரிந்தன. ஒன்று காட்டிய எண்ணை இன்னொன்று காட்டவில்லை. எதை நம்புவது என்று அடித்துக்கொண்டார்கள். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் ரெஞ்ஞோ என்ற பிரெஞ்சுக்காரர் ஒவ்வொரு கருவியையும் அதே வகைக் கருவியோடு ஒப்பிட்டு, தன்னோடு தானே ஒத்துப்போகாதவற்றைக் கழித்துக்கட்டினார். 20இலிருந்து 30க்கும், 30இலிருந்து 40க்கும் உள்ள தூரம் ஒன்றுதானா என்று கவலைப்பட்டார்கள். என் கேள்வித்தாளில் 'ஓரளவு பொருந்தும்' என்பதற்கும் 'பொருந்தும்' என்பதற்கும் உள்ள தூரம், 'பொருந்தும்' என்பதற்கும் 'முற்றிலும் பொருந்தும்' என்பதற்கும் உள்ள தூரத்துக்குச் சமமா? சமம் என்று வைத்துக்கொண்டு 1, 2, 3, 4, 5 என்று கூட்டுகிறோம். மனப் பண்புகள் அளவுடையவையா என்பதையே சோதிக்காமல் துறை அளக்கக் கிளம்பிவிட்டது என்று ஜோயல் மிச்செல் என்ற உளவியலாளர் பல வருடமாகத் திட்டிக்கொண்டிருக்கிறார். நானும் தினமும் கூட்டுகிறேன். சம்பளம் அதற்குத்தான்.

கையேட்டின் 'ஏற்புடைமை' (அளக்க நினைத்ததைத்தான் சோதனை அளக்கிறதா என்ற கேள்வி) அத்தியாயத்தை விரைவாகக் கடந்துவிடலாம். இந்தச் சோதனை வேறு சோதனைகளோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்று பக்கம் பக்கமாக அட்டவணை. 1955இல் கிரான்பாக், மீல் என்ற உளவியலாளர்கள் போட்டுக்கொடுத்த பாதை. ஒரு கருத்தாக்கத்தின் பொருளை, மற்றவற்றோடு அதற்குள்ள உறவுகளின் பின்னலில் தேடச் சொன்னார்கள். அட்டவணையில் இருக்கும் மற்ற சோதனைகளும் அதே ஆளிடம் அதே மாதிரிக் கேள்வியைத்தான் கேட்கின்றன என்பது கொஞ்சம் உறுத்தல். ஒழுங்குணர்வு ஆயுளோடு தொடர்புடையது என்று காட்டும் ஆய்வுகள் இருக்கின்றன. அதை ரிப்போர்ட்டும் பெருமையாகச் சொல்கிறது. முன்கூட்டிச் சொல்ல முடிகிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சிறுவர்களின் செருப்பு அளவை வைத்து அவர்களுக்கு எத்தனை சொற்கள் தெரியும் என்பதையும் ஓரளவு சொல்லிவிட முடியும். இரண்டையும் ஏற்றுவது வயது, செருப்பு அல்ல.

டேட்டா பாதுகாப்பு ஒழுங்காக இருக்கிறது. பிடிஎஃப் போனில் சரியாகத் திறக்கவில்லை. வரைபடங்களின் வண்ணங்கள் கண்ணைப் பறிக்கின்றன. டீமோடு உட்கார்ந்து 'நாம் எப்படி வேறுபடுகிறோம்' என்று ஒரு மணிநேரம் பேச ஒரு சாக்கு வேண்டுமென்றால் வாங்குங்கள். கையேட்டைக் கேட்டு வாங்க மறக்காதீர்கள். ஆள் எடுக்கவோ கழிக்கவோ வேண்டாம்.

இந்த விமர்சனத்தை எழுத வைத்தது இதெல்லாம் இல்லை. ரிப்போர்ட் வந்து ஒரு வாரம் கழித்து, வாடிக்கையாளர் அழைப்பு ஒன்றில் என் பெயர் விடுபட்டிருந்தது. மேலாளரிடம் கேட்டேன். "உங்களுக்கு அதெல்லாம் சிரமமா இருக்கும்ல, அதான் நானே பார்த்துக்கறேன்" என்றார். அக்கறையாகத்தான் சொன்னார், குரலில் அது தெரிந்தது. அவருக்கும் ஏழாம் பக்கத்தின் ஒரு பிரதி போயிருக்கிறது. அடுத்த அழைப்பிலும் நான் இல்லை. அதற்கடுத்ததிலும் இல்லை. நான் சண்டை போட்டிருக்க வேண்டும். ஆனால், வெட்கத்தோடு சொல்கிறேன், எனக்கு நிம்மதியாக இருந்தது. 'நமக்கு இது ஒத்துவராதுதானே' என்று ஒரு நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டதைக் கேட்டேன். போன வருடம்வரை அப்படி ஒரு வாக்கியம் என் வாயில் வந்ததில்லை.

இயன் ஹேக்கிங் என்ற கனடியத் தத்துவவாதி இந்தச் சுழற்சிக்கு 1995இல் 'சுழல் விளைவு' (looping effect) என்று ஒரு பெயர் வைத்தார். அணுவுக்குள் இருக்கும் குவார்க் என்ற நுண்துகளுக்கு நாம் வைத்த பெயர் தெரியாது, தெரிந்து அது மாறவும் போவதில்லை. மனிதருக்கு வைக்கும் பெயர் அவர் காதில் விழுகிறது. சுற்றி இருப்பவர்கள் காதிலும் விழுகிறது. அவர்கள் அதற்கேற்ப நடக்க, அவர் அதற்கேற்ப மாற, வகைப்படுத்திய வகையே நகர்ந்துவிடுகிறது. புள்ளியியல் பையனின் வெப்பமானி உவமைக்கு எனக்குக் கடைசியில் கிடைத்த பதிலும் இதுதான். '38 டிகிரி' என்று எழுதி ஒட்டியதால் பாத்திரத்துத் தண்ணீர் சூடாவதில்லை.

நேற்று சேவையிடமிருந்து ஒரு மின்னஞ்சல்: 'உங்கள் மறுமதிப்பீட்டுக்கான நேரம் வந்துவிட்டது. இந்த முறை இலவசம்.' திறந்தேன். பதிமூன்று கேள்விகளை வேகமாகத் தாண்டினேன். பதினான்கில் நின்றுவிட்டேன். 'கூட்டங்களில் நான் குறைவாகப் பேசுவேன்.' இரண்டு மாதமாக என்னை எந்த அழைப்பிலும் சேர்க்கவில்லை. நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டுமென்றால் கடைசிக் கட்டத்தைத்தான் அமுக்க வேண்டும். அமுக்கினால் 11 இன்னும் கீழே இறங்கும், ஏழாம் பக்கம் முன்பே சொன்னது சரியாகிவிடும். பக்கத்தை மூடாமல் அப்படியே விட்டிருக்கிறேன். மேலே ஒரு பச்சைப் பட்டை, 'பதினொரு சதவீதம் முடிந்தது' என்கிறது.